காளான் பயிற்சிக்கு 60,000 ரூபாய் கட்டலாமா?

கேள்வி: ‘எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் நிலம். மகள் பி.காம். முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள். காளான் வளர்க்க ஆசைப்படுகிறாள். ஊருக்கு வந்த தனியார் ஆட்கள், 60,000 ரூபாய் கட்டினால் பயிற்சியும் வித்தும் தந்து, விளைந்த காளானையும் தாங்களே வாங்கிக்கொள்வதாகச் சொல்கிறார்கள். நகையை அடகு வைக்கலாம் என்று வீட்டில் பேச்சு. அரசும் வங்கியும் சேர்ந்து இலவசமாகவே பயிற்சி தருவதாகவும் கேள்விப்பட்டோம். இலவசம் என்று சொல்லி நிலப் பத்திரத்தைக் கேட்பார்களோ என்று பயமாக இருக்கிறது. எதை நம்புவது?’
- வாசகர் ஒருவர், திண்டிவனம் வட்டாரம், விழுப்புரம் மாவட்டம்.

பதில்: நகை பெட்டியிலேயே இருக்கட்டும். அந்தப் பெண் முதலில் போக வேண்டிய இடம், ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனம். விழுப்புரம் மாவட்டத்தில் இதை இந்தியன் வங்கி நடத்துகிறது. மற்ற மாவட்டங்களில் பெரும்பாலும் அந்தந்த முன்னோடி வங்கி நடத்துகிறது.

இலவசம் என்றதும் சந்தேகம் வருவது இயல்புதான். செலவு யாருடையது என்று தெரிந்தால் சந்தேகம் தீரும். கர்நாடகத்தில் தர்மஸ்தலாவுக்குப் பக்கத்தில் உள்ள உஜிரே என்ற ஊரில், 1982-ம் ஆண்டு தர்மஸ்தலா கல்வி அறக்கட்டளையும் சிண்டிகேட் வங்கியும் கனரா வங்கியும் சேர்ந்து இப்படி ஒரு பயிற்சி நிலையத்தைத் தொடங்கின. படித்துவிட்டு வேலையில்லாமல் ஊரோடு இருந்த பிள்ளைகளுக்குக் கைத்தொழில் கற்றுக்கொடுத்து, வங்கிக் கடனுக்கும் வழிகாட்டினார்கள். அது பலன் கொடுத்ததைப் பார்த்துத்தான், மாவட்டத்துக்கு ஒன்று என்று நாடு முழுவதும் அமைக்க மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம் முடிவு செய்தது. இடம் மாநில அரசு கொடுப்பது. கட்டடத்துக்கு மத்திய அரசு நிதி தருகிறது. நிறுவனத்தை நடத்துவது வங்கி.

வங்கிக்கு இதில் என்ன ஆதாயம்? தொழில் தெரியாமல் கடன் வாங்கியவரைவிட, தெரிந்து வாங்கியவர் ஒழுங்காகத் திருப்பிக் கட்டுவார். அதுதான் ஆதாயம். அதனால் பயிற்சி, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் இலவசம். ஆதார், ரேஷன் அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், புகைப்படம் போன்றவை போதும். பயிற்சியில் சேர நிலப் பத்திரம் தேவையில்லை. முன்பணமும் கிடையாது.

காளான் வளர்ப்புக்கு 10 நாள் பயிற்சி. வைக்கோல் பதப்படுத்துவது, படுக்கை போடுவது மட்டுமல்ல, வரவு செலவுக் கணக்கு எழுதவும், வங்கிக்குத் திட்ட அறிக்கை தயாரிக்கவும் சொல்லித்தருவார்கள். முடித்தவரை இரண்டு ஆண்டுகள் வரை தொடர்ந்து விசாரித்து, சிக்கல் வந்தால் வழிகாட்டுவதும் அந்த நிறுவனத்தின் வேலை. பலர் சான்றிதழை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள், பிறகு அந்தப் பக்கமே போவதில்லை. உண்மையில், அந்த இரண்டு ஆண்டுத் தொடர்புதான் பயிற்சியைவிடப் பெரிய உதவி.

ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். பயிற்சி முடித்தால் கடன் தானாக வந்துவிடாது. நிறுவனம் விண்ணப்பத்தைக் கிளைக்கு அனுப்பி வைக்கும். கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்பவர் கிளை மேலாளர். வீட்டில் பழைய பயிர்க்கடனோ நகைக்கடனோ தவணை தவறிக் கிடந்தால் அதை முதலில் சரிசெய்துகொள்வது நல்லது. முத்ரா திட்டத்தின் ‘சிசு’ பிரிவில் 50,000 ரூபாய் வரை சொத்துப் பிணை இல்லாமல் கடன் பெறலாம்.

கடனுக்கு முன்னால் ஒரு சோதனை செய்து பார்ப்பது அவசியம். சிப்பிக் காளானில் படுக்கை போட்டு 20 முதல் 25 நாளில் முதல் பறிப்பு. சுமார் 45 நாளில் ஒரு படுக்கை முடிந்துவிடும். அதனால் 30, 40 படுக்கையோடு, இருக்கிற கொட்டகையிலேயே ஒரு சுற்று எடுத்துப் பார்க்கலாம். 23 முதல் 26 டிகிரி வெப்பமும் 80 சதவிகிதத்துக்கு மேல் ஈரப்பதமும் வேண்டும் என்பதால், சித்திரை, வைகாசியில் ஆரம்பிப்பது சரிவராது. பறித்த காளான் வெளியில் ஒரு நாளைக்கு மேல் தாங்காது. திண்டிவனத்தில் எந்தக் கடை, எந்த ஓட்டல், எந்தக் கிழமையில் எத்தனை கிலோ வாங்கும் என்ற பட்டியல் கையில் இருந்த பிறகே, கொட்டகையைப் பெரிதாக்கலாம். வித்து எங்கே நல்லதாகக் கிடைக்கும் என்பதைத் திண்டிவனம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

இனி அந்த 60,000 ரூபாய் விஷயம். தனியார் எல்லோரும் மோசடிக்காரர்கள் இல்லை. ஆனால் கொள்முதல் செய்கிறவர் விளைபொருளை விற்றுச் சம்பாதிக்க வேண்டும். விவசாயி கட்டும் முன்பணமே அவருக்கு வருமானம் என்றால், விளைச்சலை வாங்க அவருக்கு அவசியமே இல்லை. 2012-ல் கொங்குப் பகுதியில் ஈமு கோழி வளர்ப்பில் பணத்தைக் கட்டிவிட்டு, கோழிக்குத் தீனி போடக்கூட வழியில்லாமல் நின்ற குடும்பங்களை நினைத்துப் பார்த்தால் போதும். ஏற்கெனவே அவர்களிடம் காளான் விற்றுப் பணம் வாங்கியவர்கள் யார், வாங்கும் விலை எழுத்தில் இருக்கிறதா, வாங்காவிட்டால் என்ன செய்வார்கள் என்று கேட்க வேண்டும். பதில் மழுப்பலாக வந்தால் அந்தப் பக்கம் திரும்ப வேண்டாம்.

விற்பனை நிலைத்த பிறகு, காய்ந்த காளான், சூப் பொடி, ஊறுகாய் என்று போகலாம். அதற்குப் பிரதமரின் குறு உணவுப் பதப்படுத்தும் நிறுவனங்கள் திட்டம் இருக்கிறது. திட்ட மதிப்பில் 35 சதவிகிதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் மானியம். சொந்தப் பங்கு குறைந்தது 10 சதவிகிதம். உதாரணமாக, 3 லட்சம் ரூபாய்த் திட்டத்துக்குச் சொந்தப் பணம் 30,000, கடன் 2.70 லட்சம், மானியம் 1.05 லட்சம். இந்த மானியம் கைக்கு வராது. வங்கியில் தனிக் கணக்கில் இருந்து, மூன்று ஆண்டுகள் கடன் ஒழுங்காகக் கட்டப்பட்டு, தொழிலும் நடந்தால் கடனில் கழிக்கப்படும். மானியத்தை நம்பிக் கைமாற்று வாங்கினால் சிக்கல்தான். விண்ணப்பிக்கும் நேரத்தில் உள்ள விதிமுறைகளை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டுவிட்டு இறங்குவது நல்லது.

ஆக, 10 நாள் பயிற்சி, 45 நாள் சோதனை, அதன் பிறகு கடன் என்ற வரிசை மாறக் கூடாது. சோதனையில் காளான் சரியாக வராமல் போனாலும், போவது சில மூட்டை வைக்கோலும் கொஞ்சம் வித்தும்தான். நகை வீட்டில் பத்திரமாக இருக்கும்.