தொப்பியைத் திருப்பிப் பாருங்கள்!

'குல்லாய் போட்டுவிட்டான்' என்று நம்மில் ஒருவர் சொன்னால், ஆசாமி ஏமாந்துவிட்டார் என்று அர்த்தம். ஆனால் தொப்பி வாங்கப் போய், நிஜமாகவே குல்லாய் போட்டுக்கொண்டு வருகிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். இத்தாலி தேசத்துப் பழைய ஃபெல்ட் தொப்பிகளைத் தேடித் தேடிச் சேர்க்கும் ரசிகர்களைத்தான் சொல்கிறேன்.

"தபால் தலை சேர்ப்பது தெரியும். பழைய காசு சேர்ப்பதும் தெரியும். யாரோ தலையில் வைத்துக் கழற்றிப் போட்ட தொப்பியையா சேர்ப்பார்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். சேர்க்கிறார்கள், ஐயா! டூரின் நகரத்தில் 'பலோன்' என்று ஒரு பழைய சாமான் சந்தை கூடுகிறது. நம் ஊர்க் குஜிலிக் கடைக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாதிரிச் சந்தைகளில் குவியலைக் கிளறி, ஒரு தொப்பியை எடுத்து, தலையில் வைத்துக் கண்ணாடி பார்க்காமல், உடனே அதைத் தலைகீழாகத் திருப்பி உள்ளே மூக்கை நுழைத்து ஆராய்கிறவரைக் கண்டால், அவர்தான் சேகரிப்பாளர் என்று தெரிந்துகொள்ளலாம். தொப்பியின் அழகு வெளியே. அதன் ஜாதகம் உள்ளே!

அந்த ஜாதகத்தைப் படிக்க வேண்டுமானால், முதலில் அதன் பிறந்த ஊரைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இத்தாலியின் வடமேற்கே பீட்மாண்ட் பிரதேசம். அங்கே டூரின், மிலான், ஜெனோவா என்ற மூன்று பெரிய நகரங்களுக்கும் நடுவில் அலெஸாண்ட்ரியா என்று ஓர் ஊர். மூடுபனிக்குப் பேர்போனது. நாவலாசிரியர் உம்பெர்ட்டோ எக்கோ பிறந்ததும் அங்கேதான். காஞ்சிபுரம் என்றால் பட்டு, திண்டுக்கல் என்றால் பூட்டு என்பது போல, அலெஸாண்ட்ரியா என்றால் தொப்பி.

அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தவர் ஜுஸெப்பே போர்ஸலீனோ. 1834-இல் பிறந்தவர். சிறு வயதிலேயே தொப்பித் தொழிலில் இறங்கி, பாரிஸுக்குப் போய் வேலை கற்றுக்கொண்டு, ஊர் திரும்பி, 1857-இல் தம் சகோதரர் லாஸரோவுடன் ஒரு சிறு பட்டறை ஆரம்பித்தார். 1900-இல் அவர் காலமானதும், மகன் டெரேஸியோ பொறுப்பை ஏற்றார். முதல் உலகப் போருக்கு முந்திய ஆண்டுகளில், அந்த ஒரே ஸ்தாபனம் வருஷத்துக்குச் சுமார் 20 லட்சம் தொப்பிகள் செய்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! வேலை செய்தவர்களில் பெண்கள் ஏராளம். 'போர்ஸலீனே' என்றே ஊரார் அவர்களை அழைத்தார்கள். ஆலைச் சங்கு ஊதினால் ஊரே விழித்துக்கொள்ளும் என்று நம் கோயமுத்தூரைப் பற்றிச் சொல்வார்களே, அந்த மாதிரி ஊர் அது.

பெயர் எவ்வளவு பரவியது என்றால், பிரெஞ்சு பாஷையில் 'போர்ஸலீனோ' என்பது ஒரு கம்பெனியின் பெயராக இல்லாமல், அந்தச் சாயலில் உள்ள எந்தத் தொப்பிக்கும் பொதுப் பெயராகவே ஆகிவிட்டது. அலென் தெலோனும் பெல்மோந்தோவும் நடித்து 1970-இல் வெளியான ஒரு படத்துக்கே அதுதான் தலைப்பு. இப்படிப் பெயர் பொதுச் சொத்தாகிவிட்டதால்தான் தொல்லையும் வந்தது. 'போர்ஸலீனோ' என்று விற்கப்படுவதெல்லாம் போர்ஸலீனோ அல்ல!

சரி, எது அசல்? எது போலி? எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் சாட்சி, கை. ஃபெல்ட் என்பது நெய்த துணி அல்ல. ரோமத்தை வெந்நீரிலும் ஆவியிலும் அமுக்கி, உருட்டி, ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும்படி செய்வது. ரோமத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. அவை ஒன்றையொன்று கவ்விக்கொண்டால் பிறகு பிரிக்க முடியாது. மலிவான தொப்பிக்கு ஆட்டுக் கம்பளி போதும். உயர்ந்த தொப்பிக்கு முயல், பீவர் போன்ற பிராணிகளின் அடி ரோமம் வேண்டும். முரட்டு ரோமத்தையெல்லாம் நீக்கிவிட்டு, மிருதுவானதை மட்டும் காற்றில் பறக்கவிட்டு, சுழலும் செம்புக் கூம்பு ஒன்றின் மேல் படியவைப்பார்கள். அப்போது அது தொப்பியைப் போல இரண்டு பங்குக்கு மேல் பெரிதாக, ஊதினால் கலைந்துவிடும் பஞ்சு மாதிரி இருக்கும். வெந்நீரில் சுருங்கச் சுருங்கத்தான் இறுகித் தொப்பியாகிறது. ஆகவே விளிம்பை இரண்டு விரலால் பிடித்துப் பாருங்கள். முயல் ரோம ஃபெல்ட் மெல்லியதாக, லேசாக, வழவழப்பாக இருக்கும். மடக்கிவிட்டால் தானே நிமிரும். கம்பளி ஃபெல்ட் தடித்து, சொரசொரவென்று, விறைப்பாக நிற்கும். தங்க எழுத்தில் எந்தப் பெயர் இருந்தாலும் சரி, கைக்குக் கம்பளி தட்டுப்பட்டால் சந்தேகப்படுங்கள்.

இரண்டாவது சாட்சி, உள்ளே நெற்றியைச் சுற்றி வரும் தோல் பட்டை. வியர்வை ஃபெல்ட்டில் இறங்காமல் இருப்பதற்காக வைப்பது. பொன்னெழுத்து முத்திரை இதில்தான் இருக்கும். இங்கேதான் ஒரு பங்காளிச் சண்டையும் ஒளிந்திருக்கிறது.

பழைய ஸ்தாபனத்தின் பெயர் 'போர்ஸலீனோ ஜுஸெப்பே எ ஃபிராதெல்லோ'. அதாவது 'ஜுஸெப்பேயும் சகோதரரும்'. இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில், லாஸரோவின் மகனுக்கும் ஜுஸெப்பேயின் மகன் டெரேஸியோவுக்கும் ஒத்துப்போகவில்லை. லாஸரோவின் மகன் தனிக் கடை வைத்தார். அதே ஊர், அதே தொழில், அதே குடும்பப் பெயர்! அவருடைய தொப்பிகளில் 'போர்ஸலீனோ ஃபூ லாஸரோ' என்று இருக்கும். 'ஃபூ' என்றால் இத்தாலிய மொழியில் 'காலஞ்சென்ற இன்னாருடைய மகன்' என்று பொருள். ஆக, இரண்டு முத்திரையிலும் இருக்கிறவர் ஒரே லாஸரோதான். ஒன்றில் சகோதரர், இன்னொன்றில் காலஞ்சென்ற தகப்பனார். பிறகு 1930-களில் இரண்டு கம்பெனியும் ஒன்றாகிவிட்டன. விஷயம் தெரியாதவர் 'ஃபூ லாஸரோ' என்று பார்த்ததும் போலி என்று தூக்கி எறிந்துவிடுவார். தெரிந்தவரோ, 'இது இரண்டாம் உலகப் போருக்கு முந்தியதாக இருக்கலாமே' என்று மடியில் கட்டிக்கொள்வார். ஒரு சின்ன 'ஃபூ' செய்கிற வேலை இது!

போர்ஸலீனோ மட்டும்தான் இத்தாலித் தொப்பி என்றும் நினைக்க வேண்டாம். பியெல்லா பக்கத்தில் பார்பீஸியோ, மாஜோரே ஏரிக்கரையில் கிஃபா என்ற ஊரில் பனீட்ஸா, இன்னும் மோன்ஸா நகரத்துப் பட்டறைகள் என்று நல்ல குலத்துத் தொப்பிகள் பல உண்டு. பெரிய பெயரையே துரத்துகிறவர்கள் இவற்றைக் கவனிப்பதில்லை. ஃபெல்ட்டைத் தொட்டுப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இது அதிர்ஷ்டம்.

தோல் பட்டையில் தயாரித்தவர் பெயரோடு விற்ற கடையின் பெயரும் ஊரும் பல சமயம் இருக்கும். இது பெரிய துப்பு. அந்தக் கடை எந்தத் தெருவில், எந்த ஆண்டுகளில் இருந்தது என்பதைப் பழைய டெலிபோன் டைரக்டரியில் தேடிப் பிடிக்கிற துப்பறியும் சிங்கங்கள் உண்டு. தொப்பிப் பெட்டியோ விலைச் சீட்டோ கிடைத்தால் இன்னும் நல்லது. இத்தாலியில் ஐந்து இலக்கத் தபால் எண் வந்தது 1967-இல். விலாசத்தில் அந்த எண் இருந்தால், பெட்டி அதற்கு முந்தியதாக இருக்க முடியாது.

மூன்றாவது சாட்சி, உச்சியில் வைத்துத் தைத்த பட்டு லைனிங். இதில் கம்பெனியின் சின்னமும் மெடல்களும் அச்சிட்டிருக்கும். இங்கே பலர் வழுக்கி விழுகிறார்கள். 'கிராண்ட் பிரீ, பாரிஸ், 1900' என்று பார்த்ததும், "ஆஹா, 1900-ஆம் வருஷத்துத் தொப்பி!" என்று துள்ளுவார்கள். பரிசு வாங்கிய பிறகு ஐம்பது வருஷமானாலும் அதைப் போட்டுக்கொள்ள யார் மறப்பார்கள்? 'பி.ஏ.' பட்டம் வாங்கியவர் சாகும்வரை பெயர்ப் பலகையில் அதைப் போட்டுக்கொள்வதில்லையா? அந்த வருஷத்துக்கு முந்தியது அல்ல என்பதற்குத்தான் மெடல் சாட்சி; அந்த வருஷத்ததுதான் என்பதற்கு அல்ல. இதற்கு நேர்மாறானது அரச முத்திரை. இத்தாலியில் மன்னராட்சி 1946-இல் முடிந்தது. ஆகவே ஒரு தொப்பியில் சவாய் அரச வம்சத்தின் சின்னம் இருந்தால், பெரும்பாலும் அது அதற்கு முந்தியது. ஒன்று கீழ் எல்லை, மற்றொன்று மேல் எல்லை. இரண்டுக்கும் நடுவில்தான் பிறந்த தேதி இருக்கிறது.

நான்காவது சாட்சி, தோல் பட்டையை மெதுவாகப் புரட்டினால் பின்னால் ஒளிந்திருக்கும் சிறு காகிதத் துண்டு. அதில் அளவு இருக்கும். 57 சென்டிமீட்டர் தலைக்கு இங்கிலாந்துக்காரர் 7 என்பார், அமெரிக்கர் 7⅛ என்பார். எந்தக் கணக்கில் எழுதியிருக்கிறது என்பதே அது எந்த நாட்டுக்கு ஏற்றுமதியானது என்பதைச் சொல்லக்கூடும்.

கடைசியில் விளிம்பையும் ரிப்பனையும் பாருங்கள். 1940-களின் தொப்பிக்கு விளிம்பு அகலம். 1960-களில் குறுகிக்கொண்டே போயிற்று. பிறகு தொப்பி போடும் வழக்கமே குறுகிவிட்டது.

'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்ற நியாயம் இங்கே செல்லாது. எல்லாச் சாட்சிகளும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். நல்ல தொப்பியின் லைனிங்கைப் பிரித்து மட்டமான தொப்பியில் தைத்துவிடும் கெட்டிக்காரர்கள் உண்டு. ஃபெல்ட் தேய்ந்து, தோல் கறுத்து, லைனிங் மட்டும் நேற்றுக் கடையிலிருந்து வந்தது போல் பளபளத்தால் யோசியுங்கள். வியர்வைக் கறை தோலில் பலமாக இருந்தால், அதற்கு நேராக வெளியே ரிப்பனிலும் பல சமயம் அதன் சாயல் இருக்கும். முதலாளியும் குமாஸ்தாவும் வேறு வேறு கணக்குக் காட்டினால் இன்கம்டாக்ஸ் அதிகாரி விடுவாரா?

வாங்குமுன் இன்னொரு காரியம். தொப்பியை விளக்குக்கு எதிராகப் பிடியுங்கள். நட்சத்திரம் போல வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தால், பூச்சி உங்களுக்கு முன்பே அதைச் சேகரித்துவிட்டது என்று அர்த்தம்!

வாங்கி வந்த பிறகுதான் நிஜமான ஆபத்து ஆரம்பிக்கிறது. ஆபத்து தொப்பிக்கு, செய்கிறவர் நாம். சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று, கிழிந்த காகிதத் துண்டைப் பிய்த்து எறிவார்கள். அழுக்கு லைனிங்கை மாற்றுவார்கள். நம் வீட்டில் பாத்திரத்தில் பெயர் வெட்டுவது போல, பழைய சொந்தக்காரர் தோல் பட்டையில் குத்திவைத்த இரண்டு எழுத்து இருக்கும். அது பிடிக்காமல் பட்டையையே மாற்றுவார்கள். முடிவில் மிஞ்சுவது ஊர் பேர் இல்லாத ஒரு தொப்பி. பூச்சி அரித்தால் ஓட்டைதான் விழும்; இந்தச் சுத்தமோ சரித்திரத்தையே அரித்துவிடும். மிருதுவான பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள். நசுங்கிய இடத்துக்குக் கெட்டில் ஆவியை லேசாகக் காட்டுங்கள். உச்சியைக் கிள்ளித் தூக்காமல் விளிம்பைப் பிடித்து எடுங்கள். வைக்கும்போது மல்லாத்தி வையுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

கையையும் கழுவிவிடுங்கள். வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. ரோமம் நன்றாகப் பின்னிக்கொள்வதற்காக, தொப்பித் தொழிலில் வெகு காலம் அதைப் பாதரச நைட்ரேட் கரைசலில் பதப்படுத்தினார்கள். அப்போது ரோமம் காரட் நிறமாக மாறும். அந்த வேலைக்கே 'காரட் போடுதல்' என்று பெயர். ஆவி நிறைந்த கொட்டகையில் நாளெல்லாம் நின்ற தொழிலாளிகளுக்குக் கை நடுங்கியது, பல் ஆடியது, சித்தம் கலங்கியது. 'தொப்பிக்காரனைப் போலப் பைத்தியம்' என்று ஆங்கிலத்தில் ஒரு பேச்சு வழக்கு உண்டல்லவா? அதற்கு வேறு காரணம் சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் நோய் நிஜம். அமெரிக்காவில் தொப்பித் தொழிலில் பாதரசம் 1941-இல்தான் நிறுத்தப்பட்டது. மியூஸியங்களில் இருக்கும் பழைய ஃபெல்ட் தொப்பிகள் சிலவற்றில் இன்றும் பாதரசம் இருப்பதைச் சோதனையில் கண்டிருக்கிறார்கள்.

"இந்த மாதிரி ஃபெல்ட் இப்போது எங்கே கிடைக்கிறது?" என்று சேகரிப்பாளர்கள் பெருமூச்சு விடும்போது, அந்த மிருதுத்தன்மைக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதையும் நினைத்துக்கொள்வது நல்லது. பொன்னெழுத்தில் முதலாளியின் பெயர் இருக்கிறது. ரோமத்தைப் பதப்படுத்திய கைக்கும், பட்டை தைத்த கைக்கும் எந்தத் தொப்பியிலும் பெயர் இல்லை. ஃபெல்ட்டும் தையலும்தான் அவர்கள் கையெழுத்து. மேலே சொன்ன சாட்சிகளில் போலி செய்யச் சுலபமானது பெயர். போலி செய்யவே முடியாதது அந்தக் கைவேலை. இது எனக்கு ஒரு நியாயமாகவே படுகிறது.

20 லட்சம் தொப்பி செய்த ஸ்தாபனம் 2017-இல் திவாலானது. 2018-இல் புதிய முதலாளிகள் ஏற்று நடத்த, தொப்பி இன்னும் வருகிறது. அலெஸாண்ட்ரியாவில் அதற்கு ஒரு மியூஸியமும் இருக்கிறது. ஆனால் அந்த 20 லட்சங்களில் பெரும்பகுதி பூச்சி வாயிலும், பரண் மூட்டையிலும், நாடகக் கம்பெனிப் பெட்டியிலும் போயிற்று. மிஞ்சியவை எப்போதாவது சந்தைக் குவியலில் தலை காட்டுகின்றன.

என்றைக்காவது உங்கள் கையில் ஒன்று சிக்கினால், விற்பவர் சொல்லும் பெயரைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள், நம்ப அவசரப்படாதீர்கள். தொட்டுப் பாருங்கள், திருப்பிப் பாருங்கள், பட்டையைப் புரட்டிப் பாருங்கள். அதற்கப்புறம் தலையில் வையுங்கள். அப்போது தொப்பிதான் ஏறும், குல்லாய் ஏறாது!