ஹாஜர் பட்டியலும் தலையெழுத்தும்

பள்ளிக்கூடத்திற்குப் பிள்ளை வந்தானா, வரவில்லையா என்று கணக்கெடுக்க இன்று கருவிகளுக்குக் குறைவே இல்லை. விரல் ரேகையைப் பார்க்கும் இயந்திரம் ஒன்று; முகத்தைப் பார்க்கும் இயந்திரம் மற்றொன்று. தமிழ்நாட்டு சர்க்கார் பள்ளிகளில் உபாத்தியாயர் கைப்பேசியிலேயே ஹாஜர் பதிகின்றார். நாம் இதற்கு விரோதிகள் அல்ல. கணக்கெடுப்பது பகுத்தறிவுக் காரியமேயாகும். ஆனால், வராதவனை எண்ணத் தெரிந்தவர்கள், அவன் ஏன் வரவில்லை என்று கேட்காமலிருப்பது எந்தப் பகுத்தறிவில் சேர்ந்தது?

முன்பெல்லாம் பிள்ளை பரீட்சையில் தவறினால், "அவன் தலையெழுத்து அவ்வளவுதான்" என்றார்கள். "அந்த ஜாதிக்குப் படிப்பு ஏறாது" என்றும் சொன்னார்கள். இப்போது "ஹாஜர் போதாது" என்கின்றார்கள். மூன்றிலும் குற்றவாளி பிள்ளைதான்!

பொதுப் பரீட்சை எழுத நூற்றுக்கு 75 ஹாஜர் வேண்டும் என்பது சி.பி.எஸ்.இ. போர்டாரின் விதி. நோய்க்கு டாக்டர் சர்ட்டிபிகேட் கொடுத்தால் தளர்வு உண்டு. சரி, தாய் நாற்று நடப் போனதால் கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டு வீட்டிலிருந்த பெண்ணுக்கு எந்த டாக்டர் சர்ட்டிபிகேட் கொடுப்பார்? ஒழுங்கான கக்கூசு இல்லாத பள்ளிக்கு மாதத்தில் மூன்று நாள் வரக் கூசுகின்ற பெண்ணுக்கு யார் கொடுப்பார்?

அன்றியும், வந்தவனெல்லாம் படித்தவனாகிவிடுவானா? பெஞ்சும் சுவரும்கூட நாள் தவறாமல் ஹாஜர்தான். அவை எந்தப் பரீட்சையில் தேறின? காலையில் வெறும் வயிற்றோடு வந்த பிள்ளைக்குக் கரும்பலகை தெரியுமா, கண் இருட்டுமா?

தலையெழுத்து பொய் என்பதற்குச் சாட்சி வேண்டுமா? 1956-ல் காமராஜர் ஆட்சியில் மத்தியானச் சோறு வந்தது. 1982-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது விரிந்தது. 2022 செப்டம்பரில் காலைச் சிற்றுண்டி ஆரம்பமாகி, 2023 ஆகஸ்டில் சர்க்கார் ஆரம்பப் பள்ளிகளுக்கெல்லாம் பரவிற்று. சோறு வந்தது, பிள்ளைகளும் வந்தார்கள். பிரமன் எழுதியதாகச் சொன்ன எழுத்தை ஒரு கரண்டிச் சோறு அழித்துவிட்டதா, இல்லையா?

ஆகவே, "வரவில்லை" என்று குறிக்கும் இடத்திற்குப் பக்கத்திலேயே "காரணம்" என்று ஒரு கட்டம் வேண்டும். மூன்று நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு ஓர் ஆள் நடந்துபோக வேண்டும். காரணத்தை நீக்க ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த இயந்திரம் புதிய சித்திரகுப்தனேயொழிய வேறல்ல.

தோழர்களே! 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி, சர்க்கார் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நூற்றுக்கு 75 பேராவது பெற்றோராயிருக்க வேண்டும். பிள்ளையிடம் 75 கேட்கின்றார்களே, அந்தக் குழுவில் உங்கள் ஹாஜர் எவ்வளவு?