எனக்கு இரண்டு கேம்ஷாஃப்ட் போதும்

ஃபெராரி 275 ஜிடிபி/4 ஏலத்துக்கு வந்தால் போட்டி போட்டுக்கொண்டு கை தூக்குகிறார்கள். அதன் அண்ணனான 275 ஜிடிபி இரண்டாம்பட்சம்தான். எனக்கு இதில் உடன்பாடில்லை.

இரண்டிலும் 3.3 லிட்டர் வி12 இன்ஜின். 1964-ல் வந்த அண்ணனுக்கு இரண்டு கேம்ஷாஃப்ட், 280 குதிரைத்திறன். 1966-ல் வந்த தம்பிக்கு நான்கு கேம்ஷாஃப்ட், ஆறு வெபர் கார்புரேட்டர், 300 குதிரைத்திறன். இருபது குதிரைக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்? அந்த ஆறையும் ஒரே சீராக ட்யூன் செய்ய உட்காரும் மெக்கானிக்கைக் கேட்டுப் பாருங்கள்.

அண்ணனிடமும் குறை உண்டு. இன்ஜின் முன்னால், கியர்பாக்ஸ் பின்னால், நடுவே ஒல்லியான சுழல்தண்டு. இரண்டும் நேர்கோட்டில் இல்லையென்றால் வண்டி அதிரும். குட்டை மூக்கு வேறு, வேகம் கூடினால் முன்பக்கம் லேசாகத் தூக்கும். 1965-ல் மூக்கை நீட்டினார்கள். பிறகு இன்ஜினையும் கியர்பாக்ஸையும் தடித்த குழாயால் இறுக்கிப் பிணைத்தார்கள். உண்மையான முன்னேற்றம் அந்தக் குழாய்தான்! அது 1966-ன் கடைசி இரண்டு கேம்ஷாஃப்ட் வண்டிகளிலேயே வந்துவிட்டது. என் ஓட்டு அவற்றுக்கே. பினின்ஃபரினா வரைந்த அந்த வழுவழுப்பான போனட்டில், தம்பிக்கு இருப்பதுபோல் நடுவே புடைப்பும் கிடையாது.