மெய்நிகர் பொறியும் மெய்யான பயிற்சியும்

கணினித்துறை மாணவருக்கு விதிக்கப்படும் செய்முறைகளுள் ஒன்று, வின்டோஸ் இயங்கும் கணினியினுள்ளே மெய்நிகர் பொறியொன்றை அமைத்து, அதில் லினக்ஸ் பணிசெயல் முறைமையை விருந்தினராகக் குடியமர்த்துதல். செய்முறையின் பெயர் பெரிது. நடைபெறுவதோ மிகச் சிறிது. படங்கள் நிறைந்த தாளொன்று கையில் கொடுக்கப்படுகின்றது. எப்பொத்தானை எப்போது அழுத்தவேண்டும் என்பது அதிலே வரிசையாக உள்ளது. மாணவர் அழுத்துகின்றார், இறுதித் திரையைப் படமெடுத்து ஒப்படைக்கின்றார், புள்ளி பெறுகின்றார். சில ஆய்வுகூடங்களில் இச்சிரமமும் இல்லை. முன்னரே நிறுவி முடிக்கப்பட்ட பொறி ஒரே கோப்பாக விநியோகிக்கப்படுகின்றது. அதைத் திறந்தாற் போதும். ஆக்கிய சோற்றைப் பரிமாறிவிட்டுச் சமையற் பயிற்சி நடைபெற்றதாகப் பதிவேட்டில் எழுதுவதற்கும் இதற்கும் வேறுபாடு காண்பது அரிது.

நிறுவுதல் வெறும் வாயிற்படி, உள்ளே சென்றபின் கற்கவேண்டியவையே கல்வி என்பர் இம்முறையை ஆதரிப்போர். இக்கூற்று ஆராய்தற்குரியது. பணிசெயல் முறைமை வன்பொருளோடு எவ்வாறு பொருந்துகின்றது, வன்தட்டை எவ்வாறு பங்கிடுகின்றது, மின்னூட்டியவுடன் முதலில் விழிப்பது எது என்பன கண்ணுக்குப் புலப்படும் வேளை நிறுவும் வேளையே. முறைமை செவ்வனே ஓடத்தொடங்கிய பின்னர் அவை யாவும் திரைக்குப் பின்னே சென்று மறைந்துவிடுகின்றன. வாயிற்படி என்று தள்ளப்படுவதிலேயே பாடத்தின் பெரும்பகுதி கிடக்கின்றது.

ஓர் எடுத்துக்காட்டை நோக்கலாம். வேர்ச்சுவல்பொக்ஸ் மென்பொருளில் புதிய பொறியொன்றை அமைத்துத் தொடக்கியதும், வி.ரி.-எக்ஸ். முடக்கப்பட்டுள்ளது என்ற செய்தி சிலர் திரையில் தோன்றும். பொறி எழாது. கணினியை மீளத் தொடக்கி, அதன் அடிப்படை அமைப்புத் திரையிற் சென்று குறித்த தெரிவை இயக்குமாறு தாள் கூறும். அல்லது உதவியாளர் வந்து தாமே இயக்கிவிட்டுப் போவார். ஆனால் அச்சிறு செய்தியின் பின்னே நாற்பதாண்டு வரலாறு உண்டு. மெய்நிகர் பொறி இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1960களில் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்த ஐ.பி.எம். நிலையத்தில், ஒரு பெருங்கணினியைப் பலர் ஒரே வேளையில் தத்தமக்குரிய தனிக்கணினி போலப் பயன்படுத்துவதற்கென அது உருவாக்கப்பட்டது. ஒரு கணினியை இவ்வாறு முழுமையாகப் பிரதிபண்ணுவதற்கு அதன் கட்டளைத் தொகுதி எத்தகையதாய் இருத்தல் வேண்டும் என்பதைப் போபெக், கோல்ட்பேர்க் ஆகிய இருவரும் 1974 இல் வரையறுத்தனர். பின்னர் உலகெங்கும் பரவிய இன்ரெல் வழிச் செயலிகளோ அவ்வரையறைக்கு அடங்கவில்லை. அவற்றின் கட்டளைகள் சில, உரிமையற்ற நிலையில் இயக்கப்படும்போது எச்சரிக்கை எதுவும் எழுப்பாது மௌனமாகத் தம் கடமையைக் கைவிட்டன. மேற்பார்வை செய்யும் மென்பொருளுக்கு அது தெரியவே தெரியாது. 1999 இல் வெளிவந்த விஎம்வெயார் நிறுவனத்தின் மென்பொருள், அத்தகைய கட்டளைகளை ஓடும்போதே வேறாக மொழிபெயர்த்து இத்தடையைக் கடந்தது. 2005 இல் இன்ரெலும் அடுத்த ஆண்டில் ஏ.எம்.டி.யும் செயலியிலேயே இதற்கான வசதியைச் சேர்த்தன. மாணவர் திரையில் முடங்கிக் கிடப்பதாகக் கூறப்படும் வி.ரி.-எக்ஸ். இதுவே. இவ்விடத்தில் அரைமணி நேரம் நின்று பேசக்கூடிய விரிவுரையாளர் இல்லாமலில்லை. நிற்பதற்கு இடந்தராதது தாள்.

இனி வன்தட்டு. டெபியன் நிறுவி, தட்டினைப் பிரிவுகளாக்கும் கட்டத்தில் மாற்றங்களை எழுதவா என்று வினவும். முன்கூட்டியே தெரிவாகியிருக்கும் விடை ‘இல்லை’ என்பதே. அழியப்போவதை அறிந்து செய்க என்பதற்காகவே நிறுவியை ஆக்கியோர் அவ்வாறு அமைத்தனர். தாளோ ‘ஆம்’ என்பதைத் தெரிக என்று ஒரே வரியிற் கூறி நகர்ந்துவிடும். அழிவது எது என்று மாணவர் கேட்பதில்லை, கேட்குமாறு தூண்டப்படுவதுமில்லை. உண்மையில் அங்கு அழிவதற்கு ஒன்றுமில்லை. விருந்தினர் முறைமை 20 கிகாபைற்று வன்தட்டு என நம்புவது, வின்டோசின் அடைவொன்றிற் கிடக்கும் ஒரு கோப்பு மாத்திரமே. தேவைக்கேற்ப வளரும் வகையினதாயின், தொடக்கத்தில் அது சில மெகாபைற்றுக்கு மேல் இடம் பிடிப்பதுமில்லை.

மெய்நிகர் பொறியின் தனிச்சிறப்பு இதுவே. பௌதிகக் கணினியிற் பிரிவுகளைத் தவறாக அமைத்தால் வீட்டாரின் ஒளிப்படங்களும் தமையனின் ஆய்வேடும் ஒருங்கே அழியக்கூடும். மெய்நிகர் பொறியில் அழிவது ஒரு கோப்பு. ஸ்னப்ஷொட் ஒன்றை முன்னரே எடுத்து வைத்திருப்பின் அதுவும் அழியாது. சில நொடிகளிற் பழைய நிலைக்கு மீளலாம். தவறுவதற்கு விலையே இல்லாத ஆய்வுகூடமொன்று வாய்த்திருக்க, அதனுள்ளே தவறு நிகழாவண்ணம் வேலியடைப்பது எத்தகைய கல்விமுறை? இரசாயன ஆய்வுகூடத்தில் வேலி நியாயமானது. அங்கு கை வெந்துபோகும்.

தவறு என்பது இத்துறைக்கு அந்நியமானதுமன்று. 1991 இல் லினக்சை எழுதத் தொடங்கிய லினஸ் தோவால்ட்ஸ் அப்போது ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர். பல்கலைக்கழகக் கணினியோடு தொலைபேசி வழியே இணைவதற்காக மொடெமுக்கு அனுப்ப எண்ணிய கட்டளைகளை, தவறுதலாகத் தம் வன்தட்டுக்கே அனுப்பி, மினிக்ஸ் முறைமை இருந்த பிரிவை அவர் சிதைத்துவிட்டார். அதனை மீள நிறுவாது, தாம் ஆக்கிக்கொண்டிருந்த முறைமையிலேயே தொடர்வதெனத் துணிந்ததாக அவரே எழுதியுள்ளார். அவர் கையிலும் ஒரு தாள் இருந்திருப்பின் மினிக்ஸே மீள நிறுவப்பட்டிருக்கும்!

தமிழ் மாணவர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. டெபியன் நிறுவியைத் தமிழிலேயே இயக்கலாம். ஆயின் வரைகலை வடிவிலான நிறுவியிலேதான் தமிழ் பட்டியலில் இடம்பெறும். எழுத்து மட்டுமே காட்டும் நிறுவியில் தமிழெழுத்துகளைச் செவ்வையாக வரைய இயலாமையால் அங்கு அதனைக் காணமுடியாது. ஏன் இயலாது என்ற வினாவோ எழுத்துருவாக்கம், குறிமுறை, திரை என நெடுந்தூரம் இட்டுச்செல்லவல்லது. விசைப்பலகைத் தெரிவுகளிலும் இலங்கைக்குரிய பகுதியில் தமிழ்நெற் 99 உண்டு. தன்னார்வலர் பலர் ஊதியம் பெறாது மொழிபெயர்த்து வைத்த அத்திரைகளைத் தாள்வழி நிறுவும் தமிழ் மாணவர் ஒருபோதும் காண்பதில்லை. முதற் படத்திலேயே ஆங்கிலம் வட்டமிடப்பட்டுள்ளது.

எதிர்த்தரப்பின் நியாயங்கள் யாவும் பொய்யல்ல. செய்முறைக்கு இரண்டு மணி நேரமே உண்டு. மாணவர் பலரின் மடிக்கணினிகளில் 4 கிகாபைற்று நினைவகமே உள்ளது. அதில் வின்டோசையும் முழுமையான வரைகலைத் திரையோடு கூடிய லினக்சையும் ஒருங்கே ஓட்டுவது இரண்டையும் வதைப்பதாகும். ஆனால் வரைகலைத் திரையின்றி நிறுவப்படும் டெபியன் 1 கிகாபைற்றில் அமைதியாக ஓடும். கற்பதற்கு ஏற்றதும் அதுவே. வின்டோசிலேயே லினக்ஸ் துணைமுறைமை கிடைக்கும்போது இத்தொல்லை எதற்கு என்பாரும் உளர். 2019 இல் அறிவிக்கப்பட்ட அதன் இரண்டாம் பதிப்பு தானும் ஒரு மெய்நிகர் பொறியின் மேலேயே ஓடுகின்றது. நிரல் எழுதுவோர்க்கு அது போதும். பொறி எவ்வாறு எழுகின்றது என்று அறியவேண்டியவருக்குப் போதாது.

நிறுவி முடித்தபின் எழும் இடர்களும் தாளில் இல்லை. இறுவட்டுக் கோப்பை அகற்ற மறந்தால் நிறுவியே மீண்டும் மீண்டும் தோன்றுவதுண்டு. விருந்தினர் பொறி 10.0.2.15 என்ற முகவரியைப் பெற்று வெளியுலகை எட்டும். ஆயின் அதில் இயங்கும் வலைச் சேவையகத்தை வெளியிலிருந்து எட்டமுடியாது. வலையமைப்புப் பாடத்தில் முகவரி மாற்றம் பற்றி ஒரு மாதம் விரிவுரை கேட்ட மாணவரும் இவ்விடத்தில் திகைத்து நிற்பது வழக்கம். இரண்டும் ஒன்றே என்று அவருக்கு எவரும் காட்டவில்லை.

ஆதலின் முதன்முறை நிறுவுவதற்குத் தாள் இருக்கட்டும். இரண்டாம் முறை தாள் வேண்டாம். மூன்றாம் முறை, எழுச்சி ஏற்றி அழிக்கப்பட்ட பொறியொன்று வழங்கப்படட்டும். அதனை எழுப்பியவாறும், எழுப்புவதற்கு முன் எங்கெங்கு தவறினார் என்பதும் ஒரு பக்கத்தில் எழுதப்படட்டும். இறுதித் திரையின் படத்துக்கன்றி அப்பக்கத்துக்கே புள்ளி வழங்கவேண்டும். இதற்குப் புதிய கருவியோ நிதி ஒதுக்கீடோ தேவையில்லை. பழுதாக்கப்பட்ட பொறியொன்றை ஒரு முறை ஆக்கிவிட்டால் வகுப்பு முழுமைக்கும் பிரதிபண்ணலாம். இன்று விநியோகிக்கப்படும் ஆயத்தப் பொறியும் அவ்வாறே பிரதிபண்ணப்படுகின்றது.