வீட்டு விஷயம்

மூன்று வருடத்துக்கு முன்பு எங்கள் தெருமுனையில் ஒரு ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். பட்டுப் பாவாடை, தலை நிறையப் பூ, கன்னத்தில் சந்தனம். ‘பூப்புனித நீராட்டு விழா’ என்று கொட்டை எழுத்து. கீழே தாய்மாமன்களின் பெயர் வரிசை. ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்ணின் உடம்பில் நடந்ததை டவுன் பஸ்ஸில் போனவர்கள்கூடப் படித்துவிட்டுப் போனார்கள். மேளம் வந்தது, சீர்வரிசைத் தட்டுகள் வந்தன, ஊரே சாப்பிட்டுக் கை கழுவியது.

அதே பெண் ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டாள். “வயித்து வலி” என்றார் அம்மா. ஓமத் தண்ணி கொடுக்கச் சொன்னார் ஒருவர். குடல் ஏறியிருக்கும், தடவிவிட ஆள் இருக்கிறது என்றார் இன்னொருவர். ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொன்னவன் நான். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. மூன்று வாரம் கழித்து ரேஷன் கடை வரிசையில் மறுபடி விசாரித்தபோது அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார். “ஒண்ணுமில்லண்ணே, வீட்டு விஷயம்.” அதற்கு மேல் கேட்பது மரியாதையில்லை என்று நானும் பேச்சை மாற்றினேன்.

அந்த இரண்டு சொற்களின் மேல்தான் எனக்குக் கோபம். வீட்டில் நடப்பது வீட்டோடு இருக்க வேண்டும், வெளியில் சொன்னால் மானம் போய்விடும், பெற்றவர்களுக்குத் தெரியாதா பிள்ளையைப் பார்த்துக்கொள்ள என்று காலங்காலமாகச் சொல்லிவருகிறோம். இதற்குப் பண்பாடு என்று பெயரும் வைத்திருக்கிறோம்.

எந்த வீட்டில் எது வீட்டோடு இருக்கிறது? பிள்ளை வாங்கிய மார்க், மாப்பிள்ளையின் சம்பளம், மருமகள் கொண்டுவந்த பவுன், கல்யாணமாகி ஒரு வருடமாகியும் ‘விசேஷம்’ இல்லை என்பது வரைக்கும் தெருவுக்குத் தெரியும். யாருக்குச் சர்க்கரை எவ்வளவு என்பதைப் பால் வாங்கும் இடத்தில் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்கிறோம். இவ்வளவையும் விரியத் திறந்து வைத்தவர்களுக்கு, ஒரு குழந்தை ராத்திரி தூங்காமல் கிடப்பது மட்டும் அந்தரங்கமாகிவிடுகிறது. பெருமை சேர்ப்பதை வாசலில் வைக்கிறோம், சேர்க்காததை உள்ளே தள்ளுகிறோம். இதில் அடக்கம் எங்கே இருக்கிறது?

உள்ளே தள்ளுவதற்கான விலையைக் குழந்தை கொடுக்கிறது. மனநலக் கோளாறுகளில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள்ளேயே, பாதி 18 வயதுக்குள்ளேயே தலைகாட்டிவிடுகின்றன என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015-16இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 7.3 சதவீதத்தினருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது. ஐம்பது பேர் உட்காரும் வகுப்பில் மூன்று நான்கு பிள்ளைகள். மனநலக் கோளாறு உள்ளவர்களில் பத்தில் ஏழு பேருக்கு மேல் சிகிச்சையே எட்டவில்லை என்பதும் அதே கணக்கெடுப்பில் தெரியவந்தது. 2022ஆம் ஆண்டில் மட்டும் 13,000க்கும் மேற்பட்ட மாணவர்கள் தற்கொலையால் இறந்தார்கள் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். எந்தச் சாவுக்கும் ஒற்றைக் காரணம் கிடையாது. ஆனால் அந்தத் துக்க வீடுகளில் யாராவது ஒருவர், “போன வாரங்கூட நல்லாத்தானே இருந்தான்” என்று சொல்லாமல் இருந்திருக்க மாட்டார்.

நன்றாக இருப்பதாக நமக்குத் தோன்றுவதற்குக் காரணம் உண்டு. ‘எனக்கு மனசு சரியில்லை’ என்று சொல்லக் குழந்தைக்குத் தெரியாது. அதற்கு வயிறு வலிக்கும், தலை வலிக்கும். எதற்கெடுத்தாலும் எரிந்து விழும். எப்போதோ நின்றுபோன படுக்கை நனைக்கும் வழக்கம் பத்து வயதில் திரும்பி வரும். அந்த வலி நடிப்பில்லை. ஸ்கேனில் தெரியாத வலியும் வலிதான். நாமோ ‘ஸ்கூலுக்கு டிமிக்கி’ என்று முதுகில் ஒன்று வைத்து அனுப்புகிறோம்.

“அந்தக் காலத்துக் கூட்டுக் குடும்பத்தில் இதெல்லாம் இருந்ததா?” என்று உடனே ஒரு பெரியவர் எழுந்திருப்பார். இருந்தது ஐயா. அதற்குப் ‘பேய்’ என்று பெயர். பெரும்பாலும் மருமகளைத்தான் அது பிடித்தது. மாமியாரையும் மாமனாரையும் பார்த்தால் அதற்கே பயம் போலிருக்கிறது. குடும்பம் மட்டுமே போதும் என்ற நம்பிக்கை எங்கே போய் முடியும் என்பதற்கும் நம்மிடமே சாட்சி இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகக் கொட்டகை ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அப்படிப்பட்ட கொட்டகைகளில் ஆட்களைக் கொண்டுவந்து விட்டவை குடும்பங்கள்தான். அவர்களை அரக்கர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. பக்கத்தில் வைத்தியம் இல்லை, பகிர்ந்துகொள்ள ஆள் இல்லை, வருடக்கணக்கில் ஒற்றைத் தோளில் சுமந்து நொடித்துப்போன பின்புதான் அங்கே இறக்கி வைத்தார்கள். எந்தச் சுமையையும் குடும்பமே தூக்கிவிடும் என்று கைகட்டி நின்ற ஊருக்கு அந்தத் தீயில் பங்கில்லையா?

இன்னொரு ஆட்சேபணை இருக்கிறது. அதை நான் மதிக்கிறேன். “வெளியே தெரிந்தால் நாளைக்கு இவளுக்கு மாப்பிள்ளை கிடைக்குமா?” இந்தப் பயம் கற்பனை இல்லை. சொன்னால் மறுநாளே தெருவில் கதை கட்டுவார்கள் என்று அந்த அம்மாவுக்குத் தெரியும். அவர் நம்மை நன்றாக அறிந்தவர். ஆகவே வாயைப் பூட்டிக்கொண்ட தாயைக் குறை சொல்லிப் பயனில்லை. பூட்டு வாங்கிக் கொடுத்தவர்கள் நாம். மருத்துவரிடமும் மனநல ஆலோசகரிடமும் சொல்வதை அவர்கள் வெளியில் விடக் கூடாது என்பது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் கொடுத்த உரிமை. சட்டத்துக்கு எட்டாத இடம் பக்கத்து வீட்டு வாசல்தான். அங்கே நாம்தான் நாக்கைக் கட்ட வேண்டும்.

“இதற்கெல்லாம் பெரிய டாக்டர் வேண்டும், நாம் என்ன செய்ய முடியும்?” என்று நழுவுகிறவர்கள் ஜிம்பாப்வேயின் தலைநகர் ஹராரேயைப் பார்க்கட்டும். அந்த நாட்டில் மனநல மருத்துவர்களை விரல் விட்டு எண்ணலாம். அவர்களில் ஒருவரான டிக்ஸன் சிபாண்டாவிடம் வரவேண்டிய இளம்பெண் ஒருத்தி, பஸ்ஸுக்குக் காசில்லாததால் வராமலே தன் உயிரை முடித்துக்கொண்டாள். மருத்துவமனையில் உட்கார்ந்து காத்திருந்தால் ஆகாது என்று அவருக்கு அப்போது புரிந்தது. 2006இல் ம்பாரே என்ற எளியவர்கள் பகுதியில் 14 பாட்டிமாரைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்தார். சுகாதார நிலைய வாசலில் ஒரு மர பெஞ்சு. அதில் பாட்டி உட்கார்ந்து வருகிறவர் பேசுவதைக் கேட்பார், ஒரு பிரச்சினையை எடுத்து அதற்கு என்ன வழி என்று கூடவே யோசிப்பார். ‘டிப்ரஷன்’ என்ற சொல்லைப் பாட்டிமார் தொடவில்லை. ‘குஃபுங்கிசிசா’ என்றார்கள். ஷோனா மொழியில் அதற்கு ‘அளவுக்கு மீறி யோசிப்பது’ என்று பொருள். “எந்நேரமும் யோசனையாவே இருக்கா” என்று நம் ஊரில் சொல்வது வேறென்ன? 2016இல் வெளியான ஆய்வில், ஆறு மாத முடிவில் பெஞ்சில் உட்கார்ந்தவர்களில் 14 சதவீதத்தினருக்குத்தான் மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் அது 50 சதவீதம்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் யாழ்ப்பாணம் இருக்கிறது. போர்க் காலத்தில் அங்கே நெடுங்காலம் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், காயம் பட்டது தனி ஆள் மட்டுமில்லை, குடும்பமும் ஊரும் சேர்ந்தே காயப்பட்டிருக்கின்றன என்று எழுதினார். ஆகவே மருந்தும் ஊரளவில் இருக்க வேண்டும் என்று ஆசிரியர்களுக்கும் கிராமத்துப் பணியாளர்களுக்கும் பயிற்சி கொடுக்கப்பட்டது. குண்டு விழுந்த ஊரில் முடிந்தது, கொழுக்கட்டை கொடுத்து வாங்கும் ஊரில் முடியாதா?

நம்மிடம் ஆளுக்கா பஞ்சம்? 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொடுக்கப் பெண் தன்னார்வலர்கள் வீட்டுப் படியேறி வருகிறார்கள். அங்கன்வாடி இருக்கிறது, மகளிர் குழு இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது. “பிள்ளை தூங்குதா, நீங்க தூங்குறீங்களா?” என்று கேட்கவும், பதிலைத் தெருவில் கொட்டாமல் இருக்கவும் இவர்களுக்குப் பயிற்சி தர வேண்டியது அரசின் வேலை. 14416 என்ற இலவச எண்ணில் ராப்பகலாகத் தமிழில் பேச ஆள் இருக்கிறார்கள். குழந்தைகளுக்கு 1098 இருக்கிறது. எண்ணை அச்சடித்து ஒட்டியதோடு கடமை முடிந்தது என்று அரசும் இருந்துவிட முடியாது, அரசு இருக்கிறதே என்று நாமும் இருந்துவிட முடியாது. பெஞ்சுப் பாட்டியால் தீராத நோய்கள் உண்டு, மாத்திரை வேண்டியவர்கள் உண்டு. அவர்களை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு வரைக்கும் கூட்டிப்போக ஒரு துணை வேண்டுமே. தனியாக அந்தப் படியேற யாருக்கும் கால் வராது.

அந்தப் பெண்ணின் கதையை முடிக்காமல் விட்டேன். எங்களில் யாரும் கேட்காததை அவளுடைய தமிழ் டீச்சர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து கேட்டார். “என்ன வலி?” என்று கேட்கவில்லை. “நீ ஸ்கூலுக்கு வந்துட்டா வீட்ல என்ன ஆயிடும்னு பயப்படுற?” என்றார்.

“அம்மாவ யார் மிஸ் பாத்துக்குவா?”

அப்பா வேலையை விட்டுவிட்டுப் பகலிலேயே குடிக்கத் தொடங்கியிருந்தார். கை நீட்டவும் ஆரம்பித்திருந்தார். அம்மாவுக்குக் காவலாக அவள் வீட்டில் இருந்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் குடியிருந்த எனக்கு அந்தச் சத்தம் கேட்காமல் இல்லை.

இப்போது அந்த அம்மா பகலில் மகளிர் குழுவின் தையல் கூடத்தில் இருக்கிறார். குடியை நிறுத்தும் சிகிச்சைக்கு அப்பாவை இரண்டு முறை அழைத்துப் போனோம். ஒரு முறை பாதியில் ஓடி வந்துவிட்டார், மறுபடி போக வேண்டும். பெண் பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். சில திங்கட்கிழமைகளில் இன்னும் வயிறு வலிக்கிறது. அன்றைக்கு எங்கள் தெருவில் யாரும் ஓமத் தண்ணி கொடுக்கச் சொல்வதில்லை. அவள் பள்ளி விட்டு வரும் வரைக்கும் யாராவது ஒருவர் தையல் கூடத்துக்குப் போய் அவள் அம்மாவோடு உட்கார்ந்திருக்கிறோம்.