கோட்டுக்குள் துப்பாக்கி: லைசென்ஸ் இருந்தால் மாசி மகத்துக்கு எடுத்துப் போகலாமா?

மாசி மகத்தன்று புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரையில் கால் வைக்க இடமிருக்காது. மயிலம் முருகன், தீவனூர் பிள்ளையார் என வெளியூர் சாமிகளும் தீர்த்தவாரிக்கு வந்து நிற்கும். அந்தக் கூட்டத்தில் ஒரு தொழிலதிபர் கோட் சூட்டோடு, இடுப்பில் கைத்துப்பாக்கியை மறைத்து வைத்து நின்றால்? லைசென்ஸ் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம்.

மறைத்து வைத்தது குற்றமல்ல. பலர் இதைத் தலைகீழாகத்தான் நினைக்கிறார்கள். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உறையில் போட்டு, முழுவதும் மூடித்தான் எடுத்துச் செல்ல வேண்டும். வெளியே எடுத்துக் காட்டி மிரட்டுவதுதான் தப்பு. அந்த வகையில் கோட்டு வசதியானதுதான்!

சிக்கல், அவர் நிற்கும் இடத்தில் இருக்கிறது. திருவிழா, சமய ஊர்வலம், மக்கள் கூடும் கூட்டம், கல்வி வளாகம் ஆகியவற்றுக்கு மாவட்ட மாஜிஸ்திரேட்டின் தனி அனுமதி இல்லாமல் துப்பாக்கி கொண்டுபோகக் கூடாது. இது லைசென்ஸிலேயே உள்ள நிபந்தனை. லைசென்ஸ் வாங்கும் ஆர்வத்தில் அந்தப் பக்கத்தை யார் படிக்கிறார்கள்?

நிபந்தனையை மீறினால் லைசென்ஸ் ரத்தாகலாம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 30ஆவது பிரிவில் 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். லைசென்ஸே இல்லாத துப்பாக்கி என்றால் கதை வேறு. 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சமே 2 ஆண்டு சிறை; 5 ஆண்டு வரை போகலாம்.