இரண்டாவது பேட்டரி தேவைதானா?

மின் சைக்கிள் வைத்திருக்கும் அன்பர்கள் பலருக்கும் ஓர் ஆசை: இன்னொரு பேட்டரி சேர்த்தால் இரண்டு மடங்கு தூரம் போகலாமே! போகலாம்தான். ஆனால் தெருமுனைக் கடையில் கொடுத்து இரண்டையும் ஒயரால் இணைத்துக்கொள்வதை என்னால் ஏற்க முடியாது.

36 வோல்ட் லித்தியம் பேட்டரி முழுச் சார்ஜில் 42 வோல்ட் காட்டும். தீரும் தறுவாயில் 30 வோல்ட் அளவுக்கு இறங்கிவிடும். நிறைந்ததையும் தீர்ந்ததையும் பக்க இணைப்பில் சேர்த்தால், மேட்டுநீர் பள்ளத்துக்குப் பாய்வதுபோல் மின்சாரம் ஒன்றிலிருந்து மற்றதற்குக் கட்டுக்கடங்காமல் பாயும். ஒயர் உருகலாம், பேட்டரியே தீப்பிடிக்கலாம். தொடர் இணைப்பிலோ வோல்ட் இரட்டித்து கன்ட்ரோலர் எரிந்துபோகும்.

பின் என்னதான் வழி? இரண்டாவது பேட்டரி இருக்கட்டும். ஆனால் பையில் இருக்கட்டும். ஒன்று தீர்ந்ததும் வண்டியை நிறுத்தி மற்றதை மாட்டுங்கள். வண்டி தயாரித்த கம்பெனி சொல்லும் பேட்டரியையும் அதற்குரிய சார்ஜரையுமே வாங்குங்கள். கீழே விழுந்து அடிபட்டதும் உப்பியதும் வேண்டவே வேண்டாம்.

இது தனியொருவர் விஷயமல்ல. 2022 செப்டம்பரில் செகந்தராபாத்தில், கீழ்த்தளத்து மின் ஸ்கூட்டர் விற்பனையகத்தில் மூண்ட தீ, மேலே விடுதியில் தங்கியிருந்த 8 பேரைப் பலிகொண்டது. அவர்கள் யாரும் அந்த வண்டிகளை ஓட்டியவர்களல்லர்.

நாமும் அடுக்குமாடிகளில்தான் வாழ்கிறோம். பலருக்கும் வெளியேற இருப்பது ஒரே மாடிப்படி. அதன் அடியில் இரவு முழுக்க பேட்டரிக்குச் சார்ஜ் போடுவதைக் குடியிருப்புச் சங்கங்கள் உடனே தடுக்க வேண்டும்.